பவர் பிஐ: கிளை எண்களைக் கூட்டினால் மொத்தம் ஒத்துவரவில்லை. பயனர் குழுவில் கேட்கலாமா?

கோவைப் புதியவன்:
வணக்கம். எக்செலிலேயே எட்டு ஆண்டு ஓட்டியவன். தரவுகளை அறிக்கையாக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான பவர் பிஐக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. எங்கள் துணிக்கடைக்கு இரண்டு கிளைகள். கடந்த மாதம் வாங்கிய வாடிக்கையாளர்கள் காந்திபுரத்தில் 412, ஆர்.எஸ்.புரத்தில் 388. மொத்தம் 731 என்று நிற்கிறது. 800 அல்லவா வரவேண்டும்? முதலாளி கால்குலேட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். சனிக்கிழமை பயனர் குழு கூடுகிறது. போன மாதம் வாயைத் திறக்காமல் டீ குடித்துவிட்டு வந்துவிட்டேன். இதைக் கேட்டால் சிரிப்பார்களா?

பழைய கணக்கர்:
தம்பி, மொத்தம் சரிதான். ஒரே ஆள் எத்தனை முறை வந்தாலும் ஒருமுறை மட்டும் எண்ணும் டிஸ்டிங்க்ட்கவுண்ட் போட்டிருப்பீர்கள். பவர் பிஐயின் மொத்த வரி, மேலே உள்ள எண்களின் கூட்டல் அல்ல. கிளை என்ற வடிகட்டியை நீக்கிவிட்டு அதே கணக்கை முதலிலிருந்து போடுகிறது. இரண்டு கிளையிலும் வாங்கிய 69 பேர் அங்கே ஒருமுறைதான் எண்ணப்படுவார்கள். வரிவரியாகக் கணக்கிட்டுக் கூட்டும் சம்எக்ஸ் எழுதி 800 வரவழைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள்.

மல்லிகை:
வாடிக்கையாளரை எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்? கைபேசி எண் என்றால், 91 சேர்த்தும் சேர்க்காமலும் பதிவான ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். பவர் பிஐயில் தரவைச் சுத்தம் செய்யும் பகுதியான பவர் குவெரியில் அந்த நெடுவரிசையை எழுத்து வகைக்கு மாற்றி, டெக்ஸ்ட்.எண்ட் என்ற சார்பைக் கொண்டு கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

குழுவில் தாராளமாகக் கேளுங்கள். முழுக் கோப்பை மட்டும் கொண்டுபோகாதீர்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் நான்கு லட்சம் வரிகளைத் திரையில் திறந்தார். இருபது நிமிடம் அதிலேயே போனது. வாடிக்கையாளர்களின் எண்களெல்லாம் சுவரில் பளிச்சென்று தெரிந்தன. பன்னிரண்டு வரி போதும், எண்கள் கற்பனையாக இருக்கட்டும். என்ன வருகிறது, என்ன வரவேண்டும் என்று இரண்டு வாக்கியம் எழுதிக்கொள்ளுங்கள்.

கோவைப் புதியவன்:
போய்வந்தேன். ஆர்.எஸ்.புரத்தில் புதிதாக வைத்த பில் மெஷின் ஒன்றில்தான் 91 ஒட்டிக்கொண்டிருந்தது. சரிசெய்ததும் அந்தக் கிளை 381, மொத்தம் 697. அதாவது பொது வாடிக்கையாளர்கள் 69 அல்ல, 96! பன்னிரண்டு வரியைக் காட்டியபோது யாரும் சிரிக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் மருத்துவமனைக் கணக்கு பார்ப்பவராம்; துறைவாரி நோயாளி எண்ணிக்கையில் இதே தலைவலி என்று தன் மடிக்கணினியைத் திறந்தார்.

முதலாளிக்கு இப்போது அந்த 96 பேர் யாரென்று தெரியவேண்டுமாம். எப்படி எடுப்பது?

பழைய கணக்கர்:
இன்டர்செக்ட். இரண்டு பட்டியலிலும் இருப்பதை மட்டும் எடுத்துத் தரும் சார்பு அது. இரண்டு கிளைகளின் எண் பட்டியலையும் அதற்குக் கொடுத்துப் பாருங்கள். மாட்டிக்கொண்டால் பன்னிரண்டு வரியோடு வாருங்கள்.