குறுகிய கால மிஷன் பயணம்: குழந்தைகள் இல்லத்துக்கும் மருத்துவமனைக்கும் போகலாமா?

எஸ்தர்_ஆர்
எங்கள் சபை வாலிபர் குழு வெளிநாட்டு மிஷன் பயணம் ஒன்றுக்குத் தயாராகிறது. பாதி நாட்கள் குழந்தைகள் இல்லத்தில் பாட்டு, விளையாட்டு, வேதாகமக் கதை. மீதி நாட்கள் ஒரு மிஷன் மருத்துவமனையில் நோயாளிகளுக்கு உதவி. இப்படிப் போவதே தவறு என்று சபைக்குள்ளேயே சிலர் சொல்கிறார்கள். வியாதிப்பட்டவனை விசாரிக்கப் போனால் அது தமக்கே செய்தது என்று மத்தேயு 25-இல் ஆண்டவர் சொல்கிறார். திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பதே மாசில்லாத பக்தி என்று யாக்கோபு எழுதுகிறார். இதற்கு மேல் என்ன அனுமதி வேண்டும்? போகக் கூடாது என்பவர்கள் காரணத்தைச் சொல்லுங்கள்.

கடல்காற்று
சிஸ்டர், காரணம் அந்த இல்லங்களிலேயே இருக்கிறது. கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையே குழந்தைகள் காப்பகங்கள் 75 சதவீதம் பெருகின. போர் முடிந்து எத்தனையோ வருடம் கழித்து! அங்கே இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். பார்க்க வருகிறவர்களும் அவர்கள் தரும் பணமும் கூடக் கூட, இல்லம் நடத்துவது வருமானமாகிவிட்டது. "நன்றாகப் படிக்க வைக்கிறோம்" என்று ஏழைத் தாயிடம் சொன்னால் அவள் நம்பித்தான் அனுப்புவாள். 2019-இல் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தைகள் உரிமைத் தீர்மானம், காப்பகங்களுக்குப் போகும் தன்னார்வப் பயணங்களால் வரும் கேடுகளைத் தடுக்கச் சொல்கிறது. நீங்கள் நல்ல மனதோடுதான் போகிறீர்கள். ஆனால் உங்கள் வருகைக்காகவே ஒரு பிள்ளை அங்கே வைக்கப்பட்டிருக்கலாம்.

யோவான்_பி
பிரதர், சில இடங்களில் நடந்த அநியாயத்துக்காக எல்லா இல்லத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். மாற்றுத்திறனாளி என்பதற்காகவே கைவிடப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடி யாரும் வரப்போவதில்லை. நாங்கள் போன இல்லத்தில் துணி துவைக்கவும் சமைக்கவும் ஆள் போதவில்லை. அந்த வேலையைத்தான் செய்தோம், மாலையில் பிள்ளைகளோடு விளையாடினோம். எங்களைக் கண்டதும் ஓடி வந்து மடியில் ஏறிக்கொண்டார்கள். அந்தச் சந்தோஷம் பொய்யா? நேரில் பார்த்தவன்தான் வருடக்கணக்கில் தாங்குவான். வீட்டிலிருந்து காணிக்கை மட்டும் அனுப்புகிறவன் அடுத்த மாதமே மறந்துவிடுவான்.

வார்டு_சாந்தி
குழந்தைகள் வார்டில் வேலை செய்யும் நர்ஸ் நான். யோவான் அண்ணா, அந்த மடியில் ஏறும் விஷயத்தைத்தான் பேச வேண்டும். முன்பின் தெரியாதவர் வந்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்வது, நிலையான ஆள் இல்லாமல் வளர்ந்த குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படுகிற ஓர் அறிகுறி. குடும்பத்தில் வளரும் சின்னக் குழந்தை புதியவரைக் கண்டால் பெரும்பாலும் அம்மாவின் பின்னால்தான் ஒளியும். ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்து, மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தொடர்ந்து கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் தேறினார்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் நன்றாகத் தேறினார்கள். குழந்தைக்கு வேண்டியது விட்டுப் போகாத ஒரே ஒரு ஆள். ஒவ்வொரு குழுவும் வந்து, நெருங்கி, அழுதுகொண்டே விடைபெற்றால் அந்தப் பிள்ளை எத்தனை தடவை கைவிடப்படுகிறது? துணி துவைத்தீர்கள் பாருங்கள், அது நல்ல வேலை. அதனால் அங்கேயே இருக்கும் ஆயாவுக்குப் பிள்ளையோடு இருக்க நேரம் கிடைத்திருக்கும். என்னைக் கேட்டால், குழுவின் வேலை அதோடு நின்றிருக்க வேண்டும்.

எஸ்தர்_ஆர்
இது எனக்குப் புதிது. அப்படியானால் மருத்துவமனைக்குப் போவதும் இதே மாதிரிதானா?

வார்டு_சாந்தி
இல்லை, அது வேறு. பெரியவர் ஒருவர் கட்டிலில் படுத்திருக்கிறார், கூட யாரும் இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவது, கஞ்சி ஊட்டுவது, கழிப்பறைக்குத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போவது, இதற்கெல்லாம் நாள் கணக்கு தேவையில்லை. அவருக்கு விருப்பமா என்று கேட்டுவிட்டுச் செய்தால் போதும். ஆனால் புண்ணுக்குக் கட்டு மாற்றுவதும் ஊசி போடுவதும் படித்தவர்களுக்கு மட்டும்தான். சொந்த நாட்டில் உங்களை எதைத் தொட விடமாட்டார்களோ, அதை அங்கேயும் தொடாதீர்கள். உகாண்டாவின் ஜின்ஜாவில் மருத்துவப் படிப்பு இல்லாத ஓர் அமெரிக்கப் பெண், ஊழியமாக நினைத்து ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளுக்கு மையம் நடத்தினார். அங்கே 100-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். இரண்டு தாய்மார் வழக்குப் போட்டார்கள், 2020-இல் சமரசத்தில் முடிந்தது. அப்படிப்பட்ட குழந்தைக்கு அவசரப்பட்டு உணவோ திரவமோ ஏற்றினாலே உயிருக்கு ஆபத்து. அன்பு இருந்தால் மட்டும் அது தெரிந்துவிடாது.

யோவான்_பி
கெட்ட உதாரணங்களாகவே வருகின்றன. கேத்தரின் ஹாம்லின் அம்மையாரை நினையுங்கள். பிரசவத்தில் காயப்பட்டு, ஒதுக்கிவைக்கப்பட்ட பெண்களுக்காக எத்தியோப்பியாவில் மருத்துவமனை கட்டியவர், ஆழ்ந்த விசுவாசி. மருத்துவமனைக் கப்பல்களை நடத்தும் மெர்சி ஷிப்ஸ் 1978-இல் தொடங்கிய கிறிஸ்தவ அமைப்பு. அறுவை சிகிச்சை இலவசம், வேலை செய்யும் தன்னார்வலர்களோ தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். மருத்துவர்கள் மட்டுமல்ல, சமையலுக்கும் மின்வேலைக்கும்கூடக் கொஞ்ச நாள் போகிறார்கள்.

கடல்காற்று
நல்ல உதாரணம்தான், ஆனால் அது என் பக்கம் பேசுகிறது. ஹாம்லின் 1959-இல் போனார், 2020-இல் அங்கேதான் இறந்தார். அவரிடம் நோயாளியாக வந்த மாமிட்டு காஷே என்ற ஏழைப் பெண் அறுவை சிகிச்சை கற்று, வெளிநாட்டிலிருந்து வந்த மருத்துவர்களுக்கே சொல்லிக்கொடுத்தார். தங்கியதால் வந்த பலன் அது. கப்பலில் சமைக்கப் போகிறவரை நான் குறை சொல்லவே இல்லை. அங்கே அவர் வேலை என்ன என்று அழைத்தவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். நம் குழுக்கள் நிகழ்ச்சி நிரலைப் போட்டுக்கொண்டு அல்லவா போகின்றன?

பழைய_மிஷனெரி
நீண்ட காலம் வெளிநாட்டு மருத்துவமனை ஊழியத்தில் இருந்தவன். இன்னொன்றையும் பேசிவிடுங்கள். நோயாளி கட்டிலில் கிடக்கிறார், எழுந்து போக முடியாது. அவரைச் சுற்றி நின்று ஜெபித்தால் வேண்டாம் என்று சொல்லத் துணிவாரா? சொன்னால் மருந்து கிடைக்காதோ என்ற பயம் இருக்கும். 1994-ஆம் ஆண்டு செஞ்சிலுவை நடத்தை விதிகள், உதவியை வைத்து ஒரு மதக் கருத்தைப் பரப்பக் கூடாது என்கின்றன. அவற்றை முன்வைத்த அமைப்புகளில் கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாஸும் உலகத் திருச்சபைகள் மன்றமும் உண்டு. அவர் கேட்டால் ஜெபியுங்கள். கேட்காவிட்டால் தண்ணீர் கொடுத்துவிட்டு வாருங்கள்.

யோவான்_பி
ஐயா, உங்கள் அனுபவத்துக்கு மரியாதை. ஆனாலும் ஏற்க முடியவில்லை. நான் யார் பெயரால் வந்தேன் என்பதை மறைத்துவிட்டுச் சேவை செய்தால் அதுவும் நேர்மையில்லை. வற்புறுத்துவது தப்பு, சரி. "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா" என்று கேட்பதுமா தப்பு?

பழைய_மிஷனெரி
தம்பி, யாரென்று கேட்டால் மறைக்கச் சொல்லவில்லை. மருந்து கையில் இருக்கும்போது அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள் என்கிறேன். ஒரு போதகர் பிற்பாடு தனியாக வந்து கேட்கட்டும்.

யோவான்_பி
அதற்கு என் மனம் ஒப்பவில்லை ஐயா.

எஸ்தர்_ஆர்
எங்கள் போதகரிடம் பேசப் போகிறேன். அந்த இல்லத்துப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் இருக்கிறார்களா, அவர்களை வீட்டோடு சேர்க்க யாராவது முயல்கிறார்களா என்று முதலில் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் இல்லத்து நாட்களையும் மருத்துவமனைக்கே கொடுத்துவிடலாம், அவர்களுக்கு ஆள் தேவை என்றால். நோயாளிகளைப் படம் எடுப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுவேன். சாந்தி அக்கா, வார்டுக்குள் போகும் முன் வேறு என்ன பார்க்க வேண்டும்?

வார்டு_சாந்தி
தட்டம்மை, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எல்லோருக்கும் முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹெபடைடிஸ் பி தொடர் முடிய மாதங்கள் ஆகும், அதனால் இப்போதே ஆரம்பியுங்கள். இருமலோ காய்ச்சலோ உள்ளவர் அன்றைக்கு வார்டுக்குப் போகவே கூடாது. ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும்போது ஒவ்வொரு முறையும் கை கழுவச் சொல்லுங்கள். அப்புறம், வார்டு சிஸ்டர் யாரோ அவர் சொல்கிறபடிதான் கேட்க வேண்டும், குழுத் தலைவர் உட்பட.