கொரியாவில் குடித்தனம்: ஒத்தி வீடு, குப்பைப் பை, மொய்க் கவர்

சுவோன்வாசி

கொரியாவில் எல்லா வேலையும் சட்டென்று முடியும், வரிசை தப்பாத வரை. வரிசை தப்பினால் ஆன்லைனில் ஒரு போர்வைகூட வாங்க முடியாது. ஊரின் அழகு, சாப்பாட்டின் காரம் எல்லாம் இந்த மன்றத்தின் வேறு இழைகளில் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. இங்கே, புதிதாக வருகிறவர்கள் தினப்படி எங்கே மாட்டிக்கொள்கிறார்கள், எப்படி வெளியே வரலாம் என்பதை மட்டும் ஆளாளுக்கு எழுதுவோம்.

தமிழ் ஆட்களுக்கு முதல் அடி பெயரில்தான் விழும். வந்து 90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அட்டையில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் அப்படியே ஏறும். நமக்கோ குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கும், அல்லது அந்தக் கட்டம் காலியாக இருக்கும். வங்கி ஊழியர் இடைவெளி விட்டு அடிப்பார், போன் கடைக்காரர் சேர்த்து அடிப்பார், நீளமான பெயர் என்றால் வால் அறுந்துவிடும். இங்கே எந்த ஆப்பும் "நீ நீதானா" என்று போன் நிறுவனத்தின் பதிவை வைத்துத்தான் சோதிக்கிறது. ஓர் இடைவெளி மாறினாலும் "தகவல் பொருந்தவில்லை" என்று சிவப்பில் வரும், காரணம் சொல்லாது.

வரிசை இது: அட்டை, பிறகு உங்கள் சொந்தப் பெயரில் போன், பிறகு வங்கிக் கணக்கு, பிறகு பாஸ் (PASS) எனும் அடையாளச் சரிபார்ப்பு ஆப், கடைசியில் ஷாப்பிங் ஆப்கள். நண்பர் பெயரில் சிம் வாங்கினால் இந்தச் சங்கிலி இரண்டாம் கண்ணியிலேயே அறுந்துவிடும். போன் வாங்கும்போது தெருமுனை ஏஜென்சிக்குப் போகாமல் நிறுவனமே நடத்தும் கடைக்குப் போய், அட்டையைக் காட்டி, எழுத்துக்கு எழுத்து, இடைவெளி உட்பட, அதேபோல் ஏற்றச் சொல்லுங்கள். திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுவது நல்லது. வங்கிக்கும் அதே எழுத்து.

இன்னொன்று, புதுக் கணக்குக்குப் பணம் அனுப்ப வரம்பு உண்டு. ஆன்லைனில் ஒரு நாளைக்கு 10 லட்சம் வொன். 2024 மே மாதத்துக்கு முன் இது 3 லட்சமாக இருந்தது. வேலைச் சான்று, சம்பள ரசீது கொடுத்தால் எடுத்துவிடுவார்கள். வீட்டு அட்வான்ஸ் கட்டும் நாள் காலையில் இது தெரியவந்தால் சிக்கல்.

தேஜோன் ஆய்வகம்

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். முதலில் எண்ணிக்கை. கொரியர்கள் பத்தாயிரத்தை ஓர் அலகாக எண்ணுவார்கள், பெயர் "மான்". லட்சம், கோடியில் எண்ணிப் பழகிய நமக்கு இது சுலபம்: 10 மான் ஒரு லட்சம், 1000 மான் ஒரு கோடி. புரோக்கர் கடைக் கண்ணாடியில் "1000/60" என்று ஒட்டியிருந்தால் டெபாசிட் ஒரு கோடி வொன் (சுமார் ஆறு லட்ச ரூபாய்), மாத வாடகை 6 லட்சம் வொன். இதன் பெயர் வொல்செ. பராமரிப்புக் கட்டணம் தனி. அதில் தண்ணீர், இன்டர்நெட் சேர்த்தியா என்று கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாத வாடகையே இல்லாத முறை ஜொன்செ. மதுரைப் பக்கம் ஒத்தி, சென்னையில் லீஸ் என்பார்களே, அச்சு அசல் அதுதான். வீட்டு விலையில் பாதிக்கு மேல் மொத்தமாகக் கொடுத்து, இரண்டு வருடம் இருந்து, கிளம்பும்போது முழுதாகத் திரும்ப வாங்குவது. ஆபத்தும் நம் ஊர் ஒத்தியில் உள்ள ஆபத்துதான்: வீட்டுக்காரர் அந்தப் பணத்தை எங்கேயோ போட்டிருப்பார், அடுத்த குடித்தனக்காரர் வந்தால்தான் உங்களுக்குக் காசு. 2022 கடைசியில் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே ஆள் இப்படி வாங்கிக் குவித்து ஏமாற்றிய வழக்குகள் வெடித்து, 2023 ஜூனில் ஏமாந்தவர்களுக்காகத் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள்.

தற்காப்பு என்ன? வில்லங்கச் சான்றுக்கு ஈடான பதிவேட்டு நகலை நீதிமன்றத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், பார்வைக்கு 700 வொன். இரண்டு தடவை பாருங்கள்: ஒப்பந்தம் போடும் நாளில் ஒன்று, மீதிப் பணம் கட்டும் நாள் காலையில் இன்னொன்று. அடமானக் கடனும் உங்கள் டெபாசிட்டும் சேர்ந்து வீட்டு விலையில் 70 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வீடு வேண்டாம். இதை "தகர டப்பா ஜொன்செ" என்பார்கள். தட்டினால் சத்தம் வரும், உள்ளே ஒன்றும் இருக்காது.

குடியேறிய அன்றே முகவரி மாற்றத்தைப் பதிந்து, ஒப்பந்தத்தில் தேதி முத்திரை வாங்க வேண்டும். வெளிநாட்டவருக்கு தங்குமிட மாற்ற அறிவிப்பே முகவரிப் பதிவாகச் செல்லும். இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. டெபாசிட் மீதான உங்கள் உரிமை மறுநாள் நள்ளிரவு 0 மணிக்குத்தான் உயிர் பெறும், வங்கி அடமானமோ பதிந்த அன்றே. நீங்கள் பணம் கட்டிய மதியமே வீட்டுக்காரர் கடன் வாங்கினால் வரிசையில் வங்கி உங்களுக்கு முன்னால் நிற்கும். அதனால் "குடியேறும் மறுநாள் வரை எந்த அடமானமும் வைக்கக் கூடாது, வைத்தால் ஒப்பந்தம் ரத்து, பணம் வாபஸ்" என்று சிறப்பு நிபந்தனையாக எழுதி வாங்குங்கள். புரோக்கர்களுக்கு இது பழகிய வரிதான். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடலாம்.

அடுக்குமாடி அக்கா

பணம் போனால்கூடச் சம்பாதித்துக்கொள்ளலாம், குப்பையில் தப்பு செய்தால் அக்கம்பக்கம் மன்னிக்காது 😄

1995 முதல் குப்பைக்கு அளவுக்கேற்ற காசு. வீட்டுக் குப்பையை அந்தந்த கு (மாநகரப் பிரிவு) அல்லது நகரம் அச்சடித்த பையில்தான் போட வேண்டும். பக்கத்து கு-வின் பை செல்லாது. வீடு மாறினால் பழைய பைகளைத் தூக்கி எறியாதீர்கள், புது வட்டார அலுவலகத்தில் ஒட்டுவதற்கு ஸ்டிக்கர் கேளுங்கள். சூப்பர்மார்க்கெட் கல்லாவில் "சாமான் பைக்குப் பதில் குப்பைப் பை" என்று கேட்டால் கைப்பிடி வைத்த அதே பையைத் தருவார்கள். சாமானைக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு குப்பைக்கு வைத்துக்கொள்ளலாம், காசு வீணாகாது.

தடுமாற்றம் உணவுக் கழிவில்தான். விலங்கு தின்னக் கூடியதா என்று ஒரு கேள்வி கேட்டால் முக்கால்வாசி தீர்ந்துவிடும். அது தீவனமாகவும் உரமாகவும் போகிறது. நம் சமையலறைக்கு மாற்றிச் சொன்னால்: வெங்காயத் தோல், பூண்டுத் தோல், முட்டை ஓடு, கோழி எலும்பு, மீன் முள், இறால் ஓடு, மாங்கொட்டை, தேங்காய்ச் சிரட்டை, காய்ச்சிய டீத்தூள் எல்லாம் சாதாரணக் குப்பை. முருங்கைச் சக்கையும் புளியங்கொட்டையும் எந்தப் பட்டியலிலும் இருக்காது, கேள்வியைக் கேட்டுப் பார்த்துச் சாதாரணக் குப்பையில் போடுங்கள். மீந்த சோறு, சாம்பார்க் காய், வாழைப்பழத் தோல், நறுக்கிய தர்பூசணித் தோல் உணவுக் கழிவு.

பல அடுக்குமாடிகளில் எடை போடும் தொட்டி உண்டு. அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும், கொட்டினால் எடையும் காசும் திரையில் வரும், மாதக் கடைசியில் பராமரிப்புக் கட்டணத்தில் சேரும். குழம்பைத் தண்ணீரோடு கொட்டினால் தண்ணீருக்கும் காசு. வடிகட்டியில் ஒரு மணி நேரம் வடியவிட்டு எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையைத் தொட்டிக்குள் விடக் கூடாது, உள்ளதைக் கவிழ்த்துவிட்டுப் பையைப் பக்கத்துக் கூடையில் போட வேண்டும். பொரித்த எண்ணெய்க்குத் தனி டிரம்.

மறுசுழற்சியில் அடிக்கடி நடக்கும் பிழை: நிறமில்லாத பெட் பாட்டிலை மற்ற பிளாஸ்டிக்கோடு கலப்பது. லேபிளை உரித்து, கழுவி, நசுக்கி, மூடி போட்டு, தனிச் சாக்கில். சிவப்புக் கறை போகாத கப் ராம்யோன் (நூடுல்ஸ்) கிண்ணம் மறுசுழற்சி இல்லை, குப்பை.

அன்சான் தம்பி

அக்கா சொன்னதில் ஒரு சின்னச் சேர்க்கை. வட்டாரத்துக்கு வட்டாரம் பட்டியல் கொஞ்சம் மாறும், வெளியே வைக்கும் கிழமையும் நேரமும் மாறும். பெரிய அடுக்குமாடி வளாகமாக இல்லாத வில்லா (இங்கே சின்ன மாடிக் குடியிருப்பு), ஒரு அறை வீடுகளில் பொதுவாக இருட்டிய பிறகு வாசலில் வைக்க வேண்டும். பகலில் வைத்தால் அபராதம் வரலாம். உடைந்த கண்ணாடி, பீங்கானுக்குத் தனியாகத் தடித்த சாக்கு விற்கிறார்கள். மெத்தை, நாற்காலிக்கு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டாமல் வெளியே வைத்தால் கேமராவில் பிடிபடுவீர்கள்.

வேலைக்கு வந்தவர்களுக்கு, முக்கியமாக இ-9 எனும் தொழிலாளர் விசாவில் வரும் இலங்கைத் தம்பிகளுக்கு, சம்பள ரசீது படிக்கும் முறை. 2026-க்கான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10,320 வொன். வாரம் 40 மணி வேலை என்றால் கணக்கு 40-க்கு அல்ல, 48-க்கு. வாரத்தில் 15 மணி அல்லது அதற்கு மேல், வரவேண்டிய நாளெல்லாம் வந்தால் ஒரு நாள் விடுமுறைக் கூலி சேரும். பெயர் ஜுஹியூ. மாதத்துக்கு 209 மணி, அதாவது 21,56,880 வொன். இதற்குக் கீழே இருந்தால் கேளுங்கள். கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, ஆனால் ஐந்து பேருக்குக் குறைவான பட்டறையில் அந்த அரை மடங்கு கட்டாயமில்லை. ஆட்கள் ஏமாறுவதாக நினைக்கும் பல இடங்களில் விஷயம் இதுதான். ஒரு வருடம் முடிந்தால், வருடத்துக்கு 30 நாள் சராசரிக் கூலி பணிக்கொடையாக உண்டு, பொதுவாக வேலையை விட்ட 14 நாளில் தர வேண்டும். இ-9 ஆட்களுக்கு மட்டும் அதில் பெரும்பகுதி காப்பீடு வழியாக, நாட்டை விட்டுக் கிளம்பும்போதுதான் வரும். வேலை நேரத்தைத் தினமும் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், அட்டை இயந்திரத்தைப் போட்டோ எடுங்கள். தொழிலாளர் அலுவலகத்தில் பேசுவது காகிதம்தான்.

சுன்சோன் குளிர்

தரைச் சூடு, அதாவது ஓன்டோல். சுவரில் உள்ள பெட்டியில் முக்கியமாக மூன்று நிலை: அறை வெப்பம், தரைக்கடியில் ஓடும் நீரின் வெப்பம், "வெளியே போகிறேன்". மூன்றாவது சிக்கனப் பொத்தான் என்று நினைத்துத் தினமும் ஆபீஸ் போகும்போது அழுத்துகிறார்கள். அது குழாய் உறையாமல் காப்பதற்கு மட்டும். மாலையில் சில்லென்ற தரையை மறுபடி சூடாக்க எரியும் கேஸ்தான் பில்லை ஏற்றும். எட்டு மணி நேரம் என்றால் இரண்டு மூன்று டிகிரி குறைத்துவிட்டுப் போனால் போதும். ஊருக்குப் போவதென்றால் அந்தப் பொத்தான் சரி, ஆனால் பாய்லரின் பிளக்கை மட்டும் பிடுங்கக் கூடாது.

வெளியே மைனஸ் பத்துக்குக் கீழே போகும் இரவுகளில் குழாயை நூல் போல ஒழுகவிடுங்கள், கைப்பிடி நடுவில் இருக்கட்டும். முழுக்கக் குளிர் பக்கம் வைத்தால் வெந்நீர்க் குழாய் உறைந்துவிடும். மீட்டர் பெட்டிக்குள் பழைய துணி அடையுங்கள். உறைந்தேவிட்டால் கொதிநீர் ஊற்றாதீர்கள், மீட்டர் விரிசல் விடும். வெதுவெதுப்பான ஈரத் துண்டு, பொறுமை.

கதவுப் பூட்டு எண் பூட்டு. உள்ளே பெரும்பாலும் நான்கு ஏஏ பேட்டரி. திறக்கும்போது வழக்கமில்லாத பாட்டுச் சத்தம் வந்தால் அன்றே மாற்றுங்கள். செத்தேவிட்டால் பூட்டுக்காரரைக் கூப்பிட வேண்டாம். பக்கத்துக் கடையில் 9 வோல்ட் சதுர பேட்டரி ஒன்று வாங்குங்கள். பூட்டின் வெளிப்பக்கம், பெரும்பாலும் அடியில், இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். பேட்டரியின் இரண்டு முனையையும் அதில் ஒட்டிப் பிடித்தபடியே எண்ணை அழுத்தினால் திறந்துவிடும். கையை எடுத்தால் போச்சு.

சைவக் கரண்டி

சைவம் என்றால் இங்கே "இறைச்சித் துண்டு இல்லை" என்றுதான் புரிந்துகொள்வார்கள், தப்பு அவர்களுடையதல்ல. கிம்ச்சியில் உப்பிட்ட இறாலும் மீன் சாறும். தோஃபு மிதக்கும் தோன்ஜாங் (சோயா விழுது) குழம்பின் தண்ணீர் நெத்திலி கொதித்தது. பிபிம்பாப்பில் (காய்கறிக் கலவைச் சோறு) கறி வேண்டாம் என்றாலும் அதில் கலக்கும் மிளகாய் விழுதை மாட்டிறைச்சியோடு வதக்கியிருக்கலாம். அதனால் "சைவமா?" என்று கேட்காமல் பெயர் பெயராகக் கேளுங்கள்: நெத்திலித் தண்ணீரா, மீன் சாறு உண்டா, ஹாம் உண்டா. கிம்பாப்பில் (கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு) ஹாம், நண்டுக் குச்சி, மீன் கேக் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லித்தான் நீக்க வேண்டும். ஒன்றைச் சொன்னால் மற்ற இரண்டும் வரும்.

தேஜோன் ஆய்வகம்

கூப்பிடும் முறை பற்றி யாரும் எழுதவில்லை. மொழிபெயர்ப்பு ஆப் "நீங்கள்" என்பதற்கு "தாங்சின்" என்று தரும். கணவன் மனைவிக்குள் சரி, தெருவில் சொன்னால் சண்டைக்கு இழுப்பது போல. பதவியோடு "நிம்" சேர்த்துக் கூப்பிடுங்கள்: குவாஜாங்-நிம் (ஆபீஸ் பிரிவுத் தலைவர்), கியோசு-நிம் (பேராசிரியர்). நம் அண்ணன், அக்கா இங்கேயும் உண்டு, ஆனால் கூப்பிடுபவர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். ஆண் அண்ணனை ஹ்யோங் என்பார், பெண் ஓப்பா என்பார். அக்கா ஆணுக்கு நூனா, பெண்ணுக்கு ஒன்னி. 2023 ஜூன் 28 முதல் சட்டப்படி எல்லோருக்கும் உலக வழக்கு வயதுதான். ஆனாலும் முதல் சந்திப்பில் பிறந்த வருடம் கேட்பது நிற்கவில்லை. எந்தச் சொல்லால் கூப்பிடுவது என்று தெரியாமல் வாக்கியத்தையே தொடங்க முடியாதே.

அடுக்குமாடி அக்கா

கடைசியாகக் கல்யாண மொய். ஆமாம், மொய்தான், வாசலில் மேசை போட்டு நோட்டில் எழுதுவது உட்பட. வெள்ளைக் கவர் அங்கேயே இருக்கும். பின்பக்கம் இடது கீழ் மூலையில் மேலிருந்து கீழாகப் பெயரும், எந்த ஆபீஸ் என்பதும். தொகை 3, 5, 7 மான், பிறகு 10 மான். 4 வேண்டாம், அந்த எண்ணின் ஒலியும் சாவுக்கான சொல்லின் ஒலியும் ஒன்று. அதிகம் பழக்கமில்லாத சக ஊழியருக்குக் கவர் மட்டும் அனுப்பினால் 5, நேரில் போய்ச் சாப்பிட்டால் 10 என்பது இப்போதைய வழக்கம். கவரைக் கொடுத்ததும் சாப்பாட்டு டோக்கன் வாங்க மறக்காதீர்கள், அது இல்லாமல் பந்தியில் விடமாட்டார்கள். சடங்கே பெரும்பாலும் ஒரு மணிக்குள் முடிந்துவிடும், அடுத்த ஜோடி வெளியே காத்திருக்கும்.

துக்க வீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியோடு சேர்ந்த மண்டபத்தில், மூன்று நாள். கறுப்பு உடை, வேறு கவர். இறந்தவர் படத்தின் முன் தரை தொட்டு இரண்டு வணக்கம், குடும்பத்தாருக்கு ஒன்று. சாப்பாட்டு மேசையில் சோஜு (கொரிய மது) இருக்கும், கோப்பைகளை இடித்துக்கொள்ளக் கூடாது. காலணியைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். வெறுங்கால் மரியாதைக் குறைவு, அதனால் கிளம்பும் முன் சாக்ஸில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள்.