மஞ்சள் வயலட்தானா இது? விதை ஏன் முளைக்கவில்லை?

மேப்பிள்நிழல்:
வணக்கம். கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் பின்வளவில் பழைய மேப்பிள் மரங்கள் நிற்கின்றன. அவற்றின் அடியில் மே மாதம் சிறு மஞ்சள் பூக்கள் வருகின்றன. ஐந்து இதழ்கள், கீழிதழில் கபிலக் கோடுகள், இதய வடிவ இலை, தண்டில் மெல்லிய மயிர். பக்கத்து வீட்டு ஐயா, "இது லெசர் செலண்டைன் களை, பிடுங்கிவிடுங்கள்" என்கிறார். எனக்கு மனம் வரவில்லை. சென்ற கோடையில் விதை எடுத்து உலர்த்தி, மார்ச்சில் வீட்டுக்குள் சாடியில் விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. இன்னொன்று: பூக்காலம் முடிந்த பிறகும் புதுக் காய்கள் வந்தன. பூ இல்லாமல் காய் எப்படி?

ஓடைக்கரை:
பிடுங்காதீர்கள் அக்கா! செலண்டைன் பூவில் பெரும்பாலும் எட்டோ அதற்கு மேலோ இதழ்கள், மெழுகு பூசியதுபோல் மின்னும். வேரில் சிறு கிழங்குகள் இருக்கும், கோடை பிறந்ததும் இலையோடு மறைந்துவிடும். அது வெளியிலிருந்து வந்து காட்டுத் தரையை மூடுகிற செடி என்பதால் ஐயாவின் கவலை நியாயமானது, செடிதான் வேறு. உங்களுடையது வயோலா பியூபெசென்ஸ் என்ற மஞ்சள் வயலட் காட்டுப்பூ என்றே நினைக்கிறேன். உறுதிசெய்ய ஒன்று பாருங்கள்: இலையும் பூவும் ஒரே தண்டிலிருந்து கிளைக்கின்றனவா? ஆம் என்றால் அதுவே. இன்னொரு வகையான வட்ட இலை மஞ்சள் வயலட்டில் இலையும் பூக்காம்பும் தனித்தனியாக நிலத்திலிருந்தே எழும்.

மேப்பிள்நிழல்:
ஒரே தண்டில்தான் தம்பி. மிக்க நன்றி!

சருகுமெத்தை:
காய்க்கு விடை: மரங்கள் தழைத்து நிழல் விழுந்த பிறகு, இந்தச் செடி திறக்காத மொட்டுகளை விடும். மொட்டுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை நடந்து காயாகும். வசந்தப் பூக்களை நாடித் தேனீக்கள் வரும்; இவற்றுக்கு யாரும் வர வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்புத்தான்.

விதை முளைக்காததற்குக் குளிர் படாததே காரணமாக இருக்கும். ஈரமும் குளிரும் சேர்ந்து இரண்டு மூன்று மாதம் பட்டால்தான் அதன் உறக்கம் கலையும். உலர்ந்த விதையை வீட்டுச் சூட்டில் விதைத்துப் பயனில்லை. காய் முற்றினால் மூன்றாகப் பிளந்து விதையை எறிந்துவிடும். ஆகவே முன்கூட்டியே மெல்லிய துணிப்பை கட்டிவிடுங்கள். கிடைத்ததை உலரவிடாமல் அன்றே இலைமக்கு கலந்த மண்ணில் தூவி, சாடியை வெளியிலேயே பனிக்கு விடுங்கள். மேலே எறும்பு நுழையாத நுண்வலை போடுங்கள். விதையில் ஒட்டியுள்ள கொழுப்புச் சதைக்காக எறும்புகள் தூக்கிச் சென்றுவிடும். காட்டில் விதை பரவுவதே அப்படித்தான்.

மேப்பிள்நிழல்:
ரூஜ் பூங்காவில் நிறைய இருக்கின்றன. இரண்டு செடி கிண்டி எடுக்கலாமா? இலையுதிர்காலச் சருகை வாரிவிடலாமா?

சருகுமெத்தை:
கிண்டக் கூடாது, தேசியப் பூங்காவில் அது சட்டவிரோதம். உங்கள் வளவிலேயே தாய்ச்செடி இருக்கிறதே! சருகையும் தொடாதீர்கள். கிரேட் ஸ்பாங்கிள்ட் ஃபிரிட்டிலரி வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு வயலட் இலைதான் உணவு. முட்டையிலிருந்து வந்த கையோடு ஒன்றும் தின்னாமல் சருகுக்குள் குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில்தான் இலை தேடும். மரத்தடியை அப்படியே விடுங்கள், புற்றரையில் விழுந்ததை மட்டும் அதே மரத்தடிக்குத் தள்ளுங்கள்.

ஓடைக்கரை:
நாற்று வந்த பிறகும் வெயிலில் வைக்காதீர்கள் அக்கா. ஜூலை வறட்சியில் மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும், உரம் வேண்டாம்.