பென்டோனைட்டில் குரோமியம்: கழுவக் கழுவ நுரை, உதவுங்கள்

வணக்கம். முதுகலை வேதியியல் புராஜெக்டுக்காக பென்டோனைட் களிமண்ணால் தண்ணீரிலுள்ள கன உலோகங்களை நீக்கிப் பார்க்கிறேன். ஈயம் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. குரோமியத்தால் மாசுபட்ட ராணிப்பேட்டை நிலத்தடி நீரை மனதில் வைத்து எடுத்த ஆறு இணைதிறன் குரோமியம்தான் ஒட்டவே இல்லை. களிமண்ணும் எதிர்மின்சுமை, தண்ணீரில் இந்தக் குரோமியம் இருக்கும் வடிவமான குரோமேட்டும் எதிர்மின்சுமை, எப்படி ஒட்டும்? (முதலிலேயே யோசித்திருக்கலாம்!)

சரி என்று ஹெச்டிடிஎம்ஏ புரோமைடால் (சோப்பு போல நுரைக்கும், நேர்மின்சுமை கொண்ட பொருள்) களிமண்ணைப் பதப்படுத்தினேன். களிமண்ணின் அயனிப் பரிமாற்றத் திறனை (அது பிடித்துக்கொள்ளக்கூடிய நேர்மின் அயனிகளின் அளவை) தாண்டிச் சேர்த்தால்தான் களிமண்மேல் அதன் இரட்டை அடுக்கு உருவாகி குரோமேட்டைப் பிடிக்கிறது. ஆனால் அப்போது எவ்வளவு கழுவினாலும் நுரை நிற்பதில்லை. குரோமியத்தை எடுத்துவிட்டு சோப்பை விட்டுவைத்தால் என்ன பயன்?

இதைச் செய்தவர்கள் பரிமாற்றத் திறனைப் போல் எத்தனை மடங்கு சேர்த்தீர்கள்? வெள்ளி நைட்ரேட் சோதனையில் புரோமைடு தெரியாவிட்டால் கழுவியது போதுமா? அப்புறம், மையவிலக்கி இல்லாமல் இந்தக் களிமண்ணை வடிகட்ட வழியுண்டா? வடிதாள் ஐந்தே நிமிடத்தில் அடைத்துக்கொள்கிறது.