கருப்பு வெள்ளை பிரிண்ட் பச்சை அடிக்குது, பிரிண்டர் மாத்தணுமா இங்க் மாத்தணுமா?

தேரடி:
வணக்கம் நண்பர்களே. ஊர் ஊரா போய் தேர்த்திருவிழா படம் எடுக்கறேன், எல்லாமே கருப்பு வெள்ளைதான், அடுத்த வருஷம் எங்க ஊர்லயே ஏ3 சைஸ்ல பிரிண்ட் போட்டு கண்காட்சி வைக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. இப்ப இருக்கறது ஆறு கலர் டை இங்க் (கரைஞ்ச சாயம்) டேங்க் பிரிண்டர். ஜன்னல் பக்கம் வச்சுப் பார்த்தா படம் லேசா பச்சை அடிக்குது, ராத்திரி லைட்ல அதே படம் ரோஸ் மாதிரி தெரியுது, கம்ப்யூட்டர்ல பிரிண்டரை ஓட்டற டிரைவர் சாஃப்ட்வேர்ல கிரேஸ்கேல் (கருப்பு வெள்ளை) போட்டாலும் அதே கதைதான். கடையில வேற கம்பெனி இங்க் ஊத்துங்க, விலை கம்மின்றாங்க. பிக்மென்ட் (கரையாத நுண்துகள் இங்க்) பிரிண்டர் வாங்கினா ஹெட் (இங்க் தெளிக்கற பாகம்) அடைச்சுக்கும்னு வேற பயமுறுத்துறாங்க, ஏன்னா நான் மாசத்துக்கு நாலஞ்சு படம்தான் போடுவேன். என்ன பண்ணலாம்?

இருட்டறை:
உங்க பிரிண்டர்ல கோளாறு எதுவும் இல்லைங்க. ஆறு கலர்னா பொதுவா கருப்பு, சியான், மெஜந்தா, மஞ்சள், அதோட லைட் சியான், லைட் மெஜந்தா. சாம்பல் நிறத்துக்குன்னு தனி இங்க் கிடையாது, அதனால சாம்பல் டோன் எல்லாத்தையும் கலர் இங்கைக் கலந்துதான் உருவாக்குது, அந்தக் கலவை துளி பிசகினாலும் கண்ணுக்குத் தெரிஞ்சிரும், வெளிச்சம் மாறினா சாயலும் மாறும். சரி கருப்பு மட்டும் போதும்னு போட்டா வானம், வெள்ளை வேட்டி மாதிரி வெளுப்பான இடத்துல எல்லாம் புள்ளி புள்ளியா தெரியும்.

அதனால பிரிண்டர் வாங்கும்போது மொத்தம் எத்தனை கலர்னு பார்க்காதீங்க, அதுல சாம்பல் எத்தனைன்னு பாருங்க. எப்சன் பி700ல பத்து பிக்மென்ட் இங்க், அதுல சாம்பல், வெளிர் சாம்பல்னு ரெண்டு இருக்கு. கேனான் ப்ரோ-300லயும் பத்துதான், ஆனா சாம்பல் ஒண்ணுதான், ஒரு இடம் குரோமா ஆப்டிமைசருக்கு (பளபளப்பைச் சீராக்கற நிறமில்லாத திரவம்) போயிருது. பி700 டிரைவர்ல அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட்னு ஒரு மோடு இருக்கு, அதுல கருப்பும் சாம்பலும்தான் பெரும்பாலும் வேலை செய்யும், கலர் இங்க் சாயல் சரி பண்ண கொஞ்சமா வரும், நியூட்ரல், வார்ம், கூல்னு நாமளே வச்சுக்கலாம். என் கணக்குல உங்களுக்கு அதுதான். கார்ட்ரிட்ஜ் 25 மில்லிதான், இங்க் செலவு கடிக்கும், அதையும் யோசிச்சுக்கோங்க.

மைத்துளி:
அண்ணே சொன்னது சரி, ஆனா பட்ஜெட் இடிச்சா எப்சன் எல்8180 பாருங்க, டேங்க் பிரிண்டர், ஏ3+ வரைக்கும் போடலாம், சாம்பல் இங்க் ஒண்ணு இருக்கு. கலர் எல்லாம் டை, அதனால காத்துலயும் வெயில்லயும் பிக்மென்ட் அளவுக்குத் தாங்காது, கண்ணாடி போட்ட ஃபிரேம்ல வச்சா பரவாயில்ல.

வெளி இங்க் விஷயத்துல ஒண்ணு சொல்லிடறேன். டிரைவரும் ப்ரொஃபைலும் (எந்த பேப்பர்ல எவ்வளவு இங்க்னு சொல்ற கலர் ஃபைல்) ஒரிஜினல் இங்குக்குத்தான் கணக்கு போட்டிருக்கு, இங்கை மாத்தினா அந்தக் கணக்கே மாறிரும், இப்ப பச்சைன்னா அப்புறம் என்ன கலர் வரும்னு சொல்ல முடியாது. கார்பன் கருப்பையே பல அடர்த்தியில நீர்த்து எல்லா சேனல்லயும் ஊத்தி குவாட்டோன் ரிப்னு ஒரு சாஃப்ட்வேர்ல போடறவங்க இருக்காங்க, அதோட டோன் பார்த்தா விடவே மனசு வராது, ஆனா அதுக்குன்னு தனியா ஒரு எப்சன் ஒதுக்கணும், பொறுமையும் வேணும். கண்காட்சி தேதியை வச்சுக்கிட்டு அதுல இறங்காதீங்க.

தேரடி:
ரொம்ப நன்றிங்க. அப்போ ஹெட் அடைப்பு? பேப்பர் மேட்டா பளபளப்பா?

இருட்டறை:
வாரத்துக்கு ஒரு தடவை எல்லா இங்கும் ஓடற மாதிரி சின்னதா ஒரு கலர் படம் போடுங்க, மாசக்கணக்குல சும்மா வச்சாத்தான் அடைப்பு. வேலை முடிஞ்சதும் பட்டன்லயே ஆஃப் பண்ணுங்க, பிளக்ல இல்ல, அப்பதான் ஹெட் மூடி சரியா உக்காரும். க்ளீனிங்கை சும்மா சும்மா ஓட்டினா இங்க் வீணாகி, அந்தக் கழிவு இங்க் சேர்ற மெயின்டனன்ஸ் பாக்ஸ் ரொம்பிரும், முதல்ல நாசில் செக் (இங்க் துளை எல்லாம் சரியா தெளிக்குதான்னு பார்க்கற டெஸ்ட் பிரிண்ட்) பண்ணிட்டு கோடு விட்டிருந்தா மட்டும் ஓட்டுங்க.

பேப்பர் பத்தி என் அபிப்பிராயம், தேர்ச் சக்கர நிழல் மாதிரி ஆழமான கருப்பு வேணும்னா பரைட்டா (பேரியம் பூச்சு போட்ட, பளபளப்பு வகை பேப்பர்). மேட்ல கருப்பு அவ்வளவு இறங்காது, அடர்த்தி (கருப்பு எவ்வளவு ஆழம்னு அளக்கற எண்) 1.6, 1.7ல நின்னுரும், நல்ல பரைட்டால 2.2க்கு மேல போகும். ஆனா மேட் பேப்பர்ல கண்ணாடி இல்லாம மாட்டினாலும் லைட் அடிக்காது, வயசானவங்க முகம் எல்லாம் அதுல அவ்வளவு அமைதியா இருக்கும், ஹானமூலே ஃபோட்டோ ரேக் 308னு ஒரு மேட் பேப்பர் இருக்கு, ஒரு ஷீட்டாவது போட்டுப் பாருங்க. எதை வாங்கினாலும் டிரைவர்ல மீடியா டைப் (பேப்பர் வகை) அதுக்கேத்த மாதிரி வைக்கணும், இல்லேன்னா மேட் பேப்பருக்கான மேட் பிளாக் ஓட வேண்டிய இடத்துல பளபளப்பு பேப்பருக்கான ஃபோட்டோ பிளாக் ஓடி கருப்பே சாம்பலாயிரும்.

மைத்துளி:
மானிட்டர் பிரைட்னஸையும் குறைங்க, பிரிண்ட் இருட்டா வருதுன்னு புலம்பறவங்கள்ல பாதிப் பேருக்கு ஸ்கிரீன்தான் காரணம். பிரிண்டர் வாங்கறதுக்கு முன்னாடி கடையில கருப்புல இருந்து வெள்ளை வரைக்கும் 21 கட்டம் உள்ள கிரே ஸ்கேல் ஒண்ணு உங்க பேப்பர்லயே போடச் சொல்லி வாங்கி, ஒரு நாள் காயவிட்டு, வெயில் வெளிச்சத்துலயும் கண்காட்சி மண்டப லைட்லயும் வச்சுப் பாருங்க. ரெண்டுலயும் சாயல் மாறாம நின்னா அதை எடுங்க.