ஒரே கணினி அறை, வகுப்புக்கு ஒரு ஹார்ட் டிஸ்க்: சரிப்பட்டு வருமா?

வகுப்பாசிரியர்:
எங்கள் ஆய்வகத்தில் 20 கணினிகள். காலையில் ஹார்டுவேர் வகுப்பு: இயங்குதளம் நிறுவுவது, டிஸ்க்கைப் பகுதிகளாக (பார்ட்டிஷன்) பிரிப்பது எல்லாம் நடக்கும். மதியம் அதே கணினிகளில் கணக்குப்பதிவு வகுப்பு. காலை மாணவர்களுக்கு அட்மின் உரிமை கொடுக்காமல் பாடமே நடத்த முடியாது. கொடுத்தால், மதியம் பாதிக் கணினிகளில் விண்டோஸ் எழுவதில்லை. எல்லாவற்றிலும் கழற்றி மாட்டும் டிரே பொருத்தி, வகுப்புக்கு ஒரு டிஸ்க் என்று பிரித்துவிடலாம் என நினைக்கிறேன். உங்கள் கருத்து?

நெட்வொர்க் நிர்வாகி:
வேண்டாம் சார். 40 டிஸ்க்குகளை யார் பராமரிப்பது? அலமாரியில் கிடக்கும் டிஸ்க்குக்கு அப்டேட் வராது. ஒரு மாதம் கழித்து மாட்டினால், சரியாக வகுப்பு தொடங்கும் நேரத்தில் எல்லாம் இறங்க ஆரம்பிக்கும்.

அதைவிட கனெக்டர்தான் என் கவலை. டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சாட்டா தரத்தில் சாதாரண கேபிள் முனைக்கு 50 முறை, டிரேயில் டிஸ்க் நேராகப் போய்ச் செருகும் பேக்பிளேன் முனைக்கு 500 முறை செருகி எடுப்பதுதான் கணக்கு. நாளுக்கு இரண்டு முறை மாற்றினால் 200 வேலை நாளில் 400. இரண்டாம் ஆண்டின் முதல் பருவத்திலேயே எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். பேசாமல் நெட்வொர்க் பூட் போடுங்கள்: கணினிகள் சொந்த டிஸ்க் இல்லாமல் சர்வரிலிருந்தே எழும். சர்வரில் ஒரே இமேஜ் (முழு டிஸ்க்கின் நகல்), ஒரே இடத்தில் பராமரிப்பு.

லினக்ஸ் பயிற்றுநர்:
நெட்வொர்க் பூட் எனக்கும் பிடிக்கும், ஆனால் இந்த வகுப்புக்கு அது பொருந்தாது. பார்ட்டிஷன் பிரிக்கக் கற்கும் பிள்ளைக்குக் கையில் ஒரு நிஜ டிஸ்க் வேண்டும். வேகத்தையும் பாருங்கள்: சர்வருக்கு ஒரு கிகாபிட் இணைப்பு என்றால் நொடிக்கு சுமார் 110 மெகாபைட். 20 கணினிகளும் ஒரே நேரத்தில் எழுந்தால் ஆளுக்கு ஐந்தரை. பழைய ஹார்ட் டிஸ்க்கூட நொடிக்கு 100 தரும்.

நெட்வொர்க் நிர்வாகி:
சரி, அப்படியென்றால் இரண்டு டிஸ்க்கையும் உள்ளேயே வைத்து, பூட் மெனுவில் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கழற்றுவது எதற்கு?

வகுப்பாசிரியர்:
அதைச் செய்து பார்த்து அனுபவப்பட்டவன் நான். அட்மின் உரிமை உள்ளவருக்கு மற்ற டிஸ்க்கும் தெரியும். ஒரு மாணவி பாடத்தில் சொன்னபடியே செய்தாள், டிஸ்க் எண்ணை மட்டும் மாற்றிக் கொடுத்துவிட்டாள். மதிய வகுப்பின் மூன்று வார வேலை போயிற்று. அவள் அழுததை நான் மறக்கவில்லை. தவறு செய்து பழகத்தானே அந்த வகுப்பு? அவள் தவறு அவள் டிஸ்க்கோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

புதிய உறுப்பினர்:
யுஎஸ்பி டிஸ்க்கில் விண்டோஸ் போட்டுக் கொடுத்தால்?

லினக்ஸ் பயிற்றுநர்:
லினக்ஸ் அப்படி நன்றாகவே ஓடும். விண்டோஸில் அதற்கென்றே இருந்த 'விண்டோஸ் டூ கோ' வசதியை மைக்ரோசாஃப்ட் 2020-இல் விண்டோஸ் 10-இன் '2004' என்ற எண் கொண்ட பதிப்போடு எடுத்துவிட்டது. அதை நம்பி வகுப்பு நடத்த வேண்டாம்.

ஆசிரியருக்கு வேறு ஒரு வழி. இரண்டு டிஸ்க்கும் உள்ளேயே நிலையாக இருக்கட்டும். முன்பலகையில் சாட்டா பவர் ஸ்விட்ச் பொருத்துங்கள். எந்த டிஸ்க்குக்கு மின்சாரம் போகிறதோ அது மட்டும்தான் கணினிக்குத் தெரியும். கனெக்டர் தேயாது, டிஸ்க் கீழே விழாது. கணினியை முழுதாக அணைத்த பிறகே ஸ்விட்சைத் தொட வேண்டும், இதில் கண்டிப்பாக இருங்கள். சில மதர்போர்டுகள் டிஸ்க் தெரியாதபோது அதன் பூட் பதிவையே நீக்கிவிடும். அதனால் நிறுவும்போது ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் (கணினி எழுவதற்கான ஃபைல்கள் இருக்கும் பகுதி) பொதுவான பூட் ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு டிஸ்க்கில் லினக்ஸ் என்றால் கடிகாரமும் குழம்பும்: விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்ளும்.

நெட்வொர்க் நிர்வாகி:
ஸ்விட்ச் யோசனையை ஏற்கிறேன். ஆனால் அப்டேட் பற்றிச் சொன்னதை விடமாட்டேன். மதிய டிஸ்க்கை வாரம் ஒரு மாலை முழுக்க ஓடவிட்டு அப்டேட் செய்யுங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியைத் தனியாக எழுதி வையுங்கள். பூட் அமைப்பு மாறினால் அது சாவி கேட்கும்.

வகுப்பாசிரியர்:
அப்படியானால் காலை டிஸ்க்குக்கு அப்டேட்டே வேண்டாம். வாரக் கடைசியில் டிஸ்க்கை நகலெடுக்கும் குளோன்ஸில்லா மென்பொருளில் பழைய இமேஜைத் திரும்பப் போட்டுவிடுகிறேன். முதலில் ஜன்னலோர வரிசையில் 4 கணினிகளில் ஸ்விட்ச் மாட்டுகிறேன். அந்த மாணவியையே கூட வைத்துக்கொண்டு மாட்டப் போகிறேன்.