ஊட்டிப் பத்திரத்தில் மலபார் எப்படி வந்தது?

குன்னூர்க்காரி:
எங்கள் குடும்ப வரலாற்றைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். பெட்டியடியில் கிடந்த பத்திர நகலின் ஓரத்தைக் கரையான் அரித்துவிட்டது. நிலம் ஊட்டியில்; வருடம் 1838; ஜில்லா மட்டும் ‘மலபார்’. மூதாதையின் பெயருக்குக் கீழே கைநாட்டு, மை இன்னும் கறுப்பாகவே இருக்கிறது. எங்கே தேடுவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோத்தகிரி வாத்தியார்:
பத்திரம் சரிதான் அம்மா. 1830 முதல் 1843 வரை நீலகிரி மலையின் மேற்குப் பகுதி மலபாரோடு சேர்ந்திருந்தது. பிறகு கோயம்புத்தூருக்குத் திரும்பியது. நீலகிரி தனி நிர்வாகமானது 1868இல்தான். ஆகவே எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இரண்டு ஜில்லாக் கோப்புகளையும் கேளுங்கள். நீலகிரி பற்றி கிரிக் எழுதிய 1880ஆம் ஆண்டுக் கையேட்டையும், பிரான்சிஸின் 1908 கெசட்டியரையும் (மாவட்ட விவர நூல்) அவசியம் படியுங்கள். அவற்றில் துரைமார் பெயர்கள்தான் நிறைய; மண் வெட்டியவர்களைத் தேடி நீங்கள் எழுதுவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

வெலிங்டன் வாசகர்:
குடும்பத்தில் கிறிஸ்தவர்கள் இருந்தால் தேவாலய ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் பாருங்கள். தகப்பன் பெயரோடு தொழிலும் இருக்கும். என் கொள்ளுத்தாத்தா ‘சமையல்காரர்’ என்பதை அப்படித்தான் அறிந்தேன். தேயிலை, காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்திருந்தால் பழைய செக்ரோலை, அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேட்டைக் கேளுங்கள்.

குன்னூர்க்காரி:
மிக்க நன்றி ஐயா. தோட்டத்து செக்ரோல்களை எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பார்கள்?